பாதியில் நிற்கும் கியர்

ஆர்.சி. விமானம் ஓட்டுகிற நண்பர்களிடமிருந்து வரும் போன் பலவும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "அண்ணா, லெஃப்ட் ரிட்ராக்ட் போயிடுச்சு. புதுசு எங்க வாங்கலாம்?" என் பதிலும் மாறுவதில்லை. "போயிடுச்சுன்னு யார் சொன்னா?"

முக்கால்வாசி நேரம் அது போயிருக்காது. சக்கரத்தை மடக்கும் அந்தச் சின்னப் பெட்டி நன்றாகவே இருக்கும். அதற்கு வரவேண்டிய கரன்ட் சரியாக வந்திருக்காது, இல்லாவிட்டால் சக்கரம் போய் உட்காரும் குழியில் ஏதோ உரசும், இல்லாவிட்டால் பெட்டியைப் பிடித்திருக்கும் நாலு ஸ்க்ரூவில் ஒன்று தேவைக்கு மேல் இறுகியிருக்கும். பழி மட்டும் பெட்டி மேல் விழும். புதிது வாங்கி மாட்டுவார்கள், கொஞ்ச நாளில் அதுவும் அதே இடத்தில் நிற்கும், "சைனா மால் இப்படித்தான்" என்று தீர்ப்பும் வந்துவிடும்.

அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

இந்தப் பொழுதுபோக்குக்குப் புதியவர்களுக்கு இரண்டு வரி. பயணிகள் விமானம் மேலே ஏறியதும் சக்கரங்களை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது அல்லவா, அதே ஏற்பாடு மாடல் விமானத்தில் இருந்தால் அதன் பெயர் ரிட்ராக்ட். காலையும் சக்கரத்தையும் சேர்த்து கியர் என்போம். நிஜ விமானத்தில் அதற்குக் காரணம் உண்டு. வெளியே தொங்கும் காலும் சக்கரமும் காற்றை எதிர்த்து வேகத்தைக் குறைக்கும், எரிபொருளைத் தின்னும். மாடலில்? மனசாட்சியைத் தொட்டுச் சொன்னால், அழகு. அவ்வளவுதான். ஒரு மஸ்டாங் போர் விமான மாடல் தலைக்கு மேல் கடக்கும்போது இரண்டு காலும் தொங்கினால் கூரையிலிருந்து குதிக்கிற கோழி மாதிரி இருக்கும். அந்த அழகுக்காக நாம் கூடவே ஒரு தலைவலியையும் விலை கொடுத்து வாங்குகிறோம்.

நிஜ விமானிகளும் ஆரம்பத்தில் இதில் படாத பாடு பட்டவர்கள்தான். 1933 கடைசியில் முதன்முதலாகப் பறந்த சோவியத் போர் விமானம் போலிகார்போவ் ஐ-16. அதில் சக்கரத்தை மேலே இழுக்க விமானி ஒரு கைப்பிடியை 44 சுற்று சுற்ற வேண்டும். ஆரம்பகால ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் கைப்பம்பு. வலது கையால் பம்பு அடிக்க வேண்டும் என்பதால் ஸ்டிக்கை இடது கைக்கு மாற்றுவார்கள். வலது கை போய் வரும்போதெல்லாம் இடது கையும் தன்னையறியாமல் ஆட, விமானம் ஏறியும் இறங்கியும் அலைந்துகொண்டே போகும். உள்ளே இருப்பவர் புதியவர் என்று தரையில் நிற்பவர்களுக்கே தெரிந்துவிடும். நமக்கு அந்தக் கஷ்டமில்லை. ஒரு ஸ்விட்ச்சைத் தட்டினால் போதும். தட்டிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் நம் கஷ்டம்.

இன்று நாம் வாங்குகிற ஃபோம் விமானங்களில் வருவது ஏறக்குறைய எல்லாமே எலெக்ட்ரிக் ரிட்ராக்ட். பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. விரல் நுனி அளவு மோட்டார், அதன் முன்னால் சின்ன கியர்பாக்ஸ், அதிலிருந்து நீளும் மரை போட்ட கம்பி. மோட்டார் சுற்றச் சுற்ற மரைக்கம்பியில் ஒரு கட்டை முன்னும் பின்னும் நகரும். கட்டையில் உள்ள முளை, டிரனியனில் வெட்டியிருக்கும் காடிக்குள் ஓடும். டிரனியன் என்பது சக்கரத்தின் கால் செருகியிருக்கிற, அச்சில் திரும்புகிற துண்டு. கட்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போவதற்குள் டிரனியன் கிட்டத்தட்ட 90 டிகிரி திரும்பிவிடும், கால் மடங்கிவிடும். இரண்டு கோடியிலும் காடியின் வளைவே முளையைப் பூட்டிவிடும். தரையிறங்கும்போது விழும் அடி மோட்டாரைப் போய்ச் சேராமல் இருப்பது இந்தப் பூட்டினால்தான்.

சரி, கோடிக்கு வந்துவிட்டோம் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? விலை கூடிய சில யூனிட்டுகளில் லிமிட் ஸ்விட்ச் இருக்கும். மற்றவற்றில் அதெல்லாம் கிடையாது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் நகம் அளவு சர்க்யூட் போர்டு, மோட்டார் எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கட்டை கோடியில் முட்டியதும் மோட்டார் திணறும், கரன்ட் எகிறும், போர்டு மோட்டாரை நிறுத்திவிடும்.

இந்த ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் போர்டுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: இறுகினால் நிறுத்து. எதனால் இறுகியது என்று அதற்குத் தெரியாது. கோடியில் முட்டினாலும் இறுக்கம்தான். சக்கரத்தில் சுற்றிய புல் குழியின் ஓரத்தில் மாட்டினாலும் இறுக்கம்தான். கால் லேசாக வளைந்து ஃபோமில் குத்தினாலும் இறுக்கம்தான். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி நின்றுவிட்டு, வேலை முடிந்தது என்று சும்மா இருக்கும். ஆக, கியர் பாதியில் நிற்கிறது என்றால் யூனிட் தனக்குச் சொல்லிக் கொடுத்தபடி ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன். எங்கோ இறுகுகிறது. எங்கே என்று தேட வேண்டியது நாம்.

சமீபத்தில் ஒரு தம்பி தன் மஸ்டாங்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஃபோம் விமானம், இறக்கை அகலம் 1.2 மீட்டர். இடது கால் முக்கால் தூரம் மடங்கி நின்றுவிடுகிறது. புது யூனிட்டும் வாங்கி மாட்டிவிட்டான். அதுவும் அங்கேயே நிற்கிறது.

"ரெண்டு யூனிட்டும் ஒரே மாதிரி ரிப்பேர் ஆகுமாடா?"

"அதான்ணா எனக்கும் புரியல."

நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, ஒயரைப் பிடுங்காமல், யூனிட்டை மட்டும் இறக்கையிலிருந்து வெளியே எடுத்தோம். கையில் பிடித்துக்கொண்டு ஸ்விட்ச் தட்டச் சொன்னேன். விர்ரென்று ஒரே சீராக மடங்கியது, ஒரே சீராக நீண்டது. மோட்டார் சத்தத்தில் எங்கும் ஏற்ற இறக்கம் இல்லை. பழைய யூனிட்டை மாட்டினோம், அதுவும் அப்படியே. ஆக இரண்டும் நல்ல யூனிட். திரும்ப இறக்கையில் வைத்து ஸ்க்ரூக்களை வெறுமனே உட்கார வைத்து, இறுக்காமல் ஓட்டினோம். முழுசாக மடங்கியது. ஒவ்வொன்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்தோம். முதல் ஸ்க்ரூ, ஓடுகிறது. இரண்டாவது, ஓடுகிறது. மூன்றாவதில் மோட்டாரின் சத்தம் கொஞ்சம் கனத்தது. நாலாவதை அரைச் சுற்று இறுக்கியதும் முக்கால் தூரத்தில் டக்கென்று நின்றது.

யூனிட் உட்காரும் பிளாஸ்டிக் தட்டை டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு மூலையில் எபாக்சி பசை காய்ந்து ஒரு சின்ன மேடு. முன்பு ஒரு லேண்டிங்கில் தட்டு பெயர்ந்துவந்திருக்கிறது, ஒட்டியிருக்கிறான், பசை மேலே வழிந்திருக்கிறது. அந்த மேட்டின்மேல் யூனிட்டை வைத்து நாலு பக்கமும் இறுக்கினால் அதன் சட்டமே முறுக்கிக்கொள்ளும். சட்டம் முறுக்கினால் மரைக்கம்பி நேர்கோட்டிலிருந்து விலகும், கட்டை நகரத் திணறும். பிளேடால் மேட்டைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கி மாட்டினோம். அன்றிலிருந்து அது நிற்கவில்லை.

"அப்ப ஸ்க்ரூ டைட்டா இருக்கறது தப்பாண்ணா?"

டைட்டாக இருப்பது தப்பில்லை. சமமில்லாத இடத்தில் டைட்டாக இருப்பதுதான் தப்பு. பிளாஸ்டிக் தட்டும் ஃபோமும் நம் ஊர் வெயிலில் சும்மா இருப்பதும் இல்லை. மே மாத மதியம் கண்ணாடி ஏற்றிய காருக்குள் விமானத்தை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், பல ஃபோம் விமானங்களில் அந்தத் தட்டைப் பிடித்திருக்கும் பசை இளகிவிடும், தட்டு அரை மில்லிமீட்டர் நகர்ந்து உட்காரும். காலையில் ஓடிய கியர் சாயந்திரம் நிற்பதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம்.

யூனிட்டைக் கழற்றிக் கையில் பிடித்து ஓட்டுவது, இறுக்காமல் வைத்து ஓட்டுவது, பிறகு ஒவ்வொரு ஸ்க்ரூவாக இறுக்கி ஓட்டுவது. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும், ஒரு பைசா செலவில்லை. ஆனாலும் ஆன்லைனில் ஆர்டர் போடுவதற்கு முன் இதைச் செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மாட்டிய இடம் சரி என்றால் அடுத்து சக்கரமும் குழியும். டயரின் ஓரத்தில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு ஒருமுறை மடக்கி நீட்டுங்கள். உரசுகிற இடத்தில் வெள்ளைக் கோடு விழும். அங்கே ஃபோமைக் கொஞ்சம் சீவிவிட்டால் தீர்ந்தது. ஆனால் சீவுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: வாங்கியபோது உரசாதது இப்போது ஏன் உரசுகிறது? பெரும்பாலும் ஸ்ட்ரட் பின் வளைந்திருக்கும். காலின் மேல்நுனியிலிருந்து டிரனியனுக்குள் போகும் எஃகுக் கம்பி அது. அளவைப் பொறுத்து 3, 4, 5 மில்லிமீட்டர் தடிமன். கொஞ்சம் கனமாக லேண்ட் ஆனால் முதலில் வளைவது அதுதான், அப்படி வளைவதற்காகவே அது அங்கே இருக்கிறது என்றும் சொல்லலாம். அது வளையாவிட்டால் டிரனியன் உடையும், டிரனியன் உடையாவிட்டால் தட்டோடு ஃபோம் பிய்த்துக்கொண்டு வரும். பின்னைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். நேராக இருந்தால் சீராக உருளும், வளைந்திருந்தால் தாவித் தாவி உருளும். வைஸில் வைத்துத் தட்டி நிமிர்த்தலாம், ஆனால் ஒருமுறை வளைந்த கம்பி அதே இடத்தில் மறுபடி சீக்கிரம் வளையும். பக்கத்தில் லேத் பட்டறை இருந்தால் பழைய பின்னை அளவுக்குக் கொடுத்துப் புதிது கடைந்து வாங்குவது நல்லது. சும்மா கிடைக்கிற இரும்புக் கம்பி வேண்டாம், எஃகாகக் கேளுங்கள்.

அந்தப் பின்னை டிரனியனில் பிடித்திருப்பது ஒரு சின்ன கிரப் ஸ்க்ரூ. தலையில்லாத, ஆலன் கீ போட்டுத் திருகும் ஸ்க்ரூ. சக்கரம் பக்கவாட்டில் திரும்பிக்கொள்கிறது, டாக்சி செய்யும்போது விமானம் ஒரு பக்கமாக இழுக்கிறது, மடங்கும்போது சக்கரம் கோணலாகக் குழியில் இடிக்கிறது என்ற புகார்களுக்கெல்லாம் முதல் சந்தேகம் இதன் மேல்தான். உருண்டையான பின்னின் மேல் ஸ்க்ரூவின் நுனி ஒரு புள்ளியில்தான் தொடும். எவ்வளவு இறுக்கினாலும் நாலு லேண்டிங்கில் வழுக்கிவிடும். பின்னில் ஸ்க்ரூ தொடும் இடத்தை அரத்தால் தேய்த்துத் தட்டையாக்க வேண்டும். தட்டையான பரப்பில் உட்கார்ந்தால் பின் திரும்பவே முடியாது. பிறகு மரையில் ஒரே ஒரு சொட்டு நீல லாக்டைட். ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். வழிந்து பிளாஸ்டிக் மேல் பட்டால் அந்தப் பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கிப்போகும். டிரனியனே பிளாஸ்டிக் என்றால் லாக்டைட்டைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். இன்னொன்று, விமானப் பெட்டியோடு இலவசமாக வரும் ஆலன் கீயைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவின் அறுகோணத்தைத் தேய்த்து வட்டமாக்கிவிட்டு, பிறகு அதைக் கழற்ற முடியாமல் டிரனியனையே மாற்றியவர்கள் உண்டு.

எண்ணெய் விஷயம். கியர் இறுகுகிறது என்றதும் எண்ணெய் விடுவது நம் இரத்தத்தில் ஊறிய வைத்தியம். தையல் மெஷின் எண்ணெய் விட்டவரைப் பார்த்திருக்கிறேன். தேங்காய் எண்ணெய் விட்டவரையும் பார்த்திருக்கிறேன், அவர் அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார். நாம் பறக்கவிடுவது வறண்ட ஏரிப் படுகையிலும் செம்மண் மைதானத்திலும். ஈரமான மரைக்கம்பியில் அந்தத் தூசி ஒட்டிச் சாந்தாகி, மரையையே அராவிவிடும். பழைய டூத் பிரஷ்ஷால் மண்ணைத் துடைத்து எடுத்துவிட்டு, காய்ந்தபிறகு ஒட்டாத சிலிகோன் ஸ்ப்ரே கொஞ்சமாக அடித்தால் போதும்.

இனி கரன்ட். ஒரு கால் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது இடமாற்றம். ரிசீவரிலிருந்து இரண்டு காலுக்கும் பிரிந்து போகும் ஒய் ஒயரில் இடது பிளக்கை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிச் செருகுங்கள். கோளாறு யூனிட்டோடு கூடவே போனால் யூனிட்டைச் சந்தேகப்படலாம். கோளாறு அந்த ஒயரிலேயே தங்கிவிட்டால் ஒயர்தான் குற்றவாளி. இறக்கையைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் நாம் பிளக்கைப் பிடிப்பதில்லை, ஒயரைப் பிடித்து இழுக்கிறோம். பிளக்குக்குள் இருக்கும் உலோக ஊசி பின்வாங்கிவிடும், வெளியே பார்த்தால் எல்லாம் செருகியிருக்கிற மாதிரியே இருக்கும்.

மூன்று காலுமே தயங்கித் தயங்கி நின்றால் பிஇசி பக்கம் பாருங்கள். பேட்டரியின் வோல்டேஜைக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் தருவது அதுதான். பல நடுத்தர விமானங்களில், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சிக்குள்ளேயே இருக்கும் பிஇசி 5 வோல்ட், 3 ஆம்பியர் அளவுதான். ஏறக்குறைய ஒரே நேரத்தில் மூன்று ரிட்ராக்ட்டும் கோடியில் முட்டும்போது ஒவ்வொன்றும் ஒரு ஆம்பியர் வரை இழுக்கலாம். அதே நொடியில் நீங்கள் ஃபிளாப்பையும் இறக்கி, எலிவேட்டரையும் இழுத்தால் பாவம் அது என்ன செய்யும்? வோல்டேஜ் சரிகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்கள் பலவும் சுமார் 3.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் அணைந்து மறுபடி விழிக்கும். அந்த இடைவெளியில் விமானம் யார் பேச்சையும் கேட்காது. கியர் தகராறு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் விமானமே கையை விட்டுப் போவதற்கான முன்னறிவிப்பாக இருக்கலாம் என்பதால் இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரிட்ராக்ட்டுகளுக்குத் தனியாக ஒரு வெளி பிஇசி, அதாவது யூபிஇசி, போட்டுவிடுங்கள். போடும்போது அதன் கருப்பு ஒயரும் ரிசீவரின் கருப்பு ஒயரும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். தனி பேட்டரி கொடுத்துவிட்டு கிரவுண்டை இணைக்காமல் "சிக்னலே வரவில்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

பெரிய விமானத்திலும் விஷயம் இதே அளவுக்குச் சின்னதாக இருந்திருக்கிறது. 2011 நவம்பர் 1 அன்று நியூவார்க்கிலிருந்து வார்சா வந்த போலந்தின் லாட் நிறுவன போயிங் 767-இல் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஹைட்ராலிக் கசிவு. வார்சாவில் மாற்று ஏற்பாட்டை வைத்துச் சக்கரத்தை இறக்கப் பார்த்தார்கள், அப்போதும் இறங்கவில்லை. கேப்டன் ததேயுஷ் வ்ரோனா வயிற்றாலேயே தரையிறக்கினார். உள்ளே இருந்த 231 பேரும் பிழைத்தார்கள். பிறகு விமானத்தைத் தூக்கி நிறுத்திப் பார்த்தபோது, மாற்று ஏற்பாட்டுக்கு மின்சாரம் தரும் ஒரு சர்க்யூட் பிரேக்கர் விழுந்து கிடந்தது. அதை உள்ளே அழுத்தி மின்சாரம் கொடுத்ததும் சக்கரங்கள் இறங்கிவிட்டன.

சிக்னல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எந்த அசைவும் இல்லை என்றால் டிரான்ஸ்மிட்டரில் கியர் சேனலின் எண்ட் பாயின்ட்டை 100-லிருந்து 120, 125 என்று ஏற்றிப் பாருங்கள். சில ரேடியோக்களில் 100 சதவீதம் என்பது 1100-லிருந்து 1900 மைக்ரோசெகண்ட் வரைதான், சில போர்டுகளுக்கு அது போதாது. கியர் சேனலில் சர்வோ வேகத்தைக் குறைத்து வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இந்தப் போர்டுக்குத் தெரிந்தது மேலே, கீழே இரண்டுதான், மெதுவாக நகரும் சிக்னல் அதைக் குழப்பும். சிக்னல் அறுந்துபோனால், அதாவது ஃபெயில்சேஃபில், கியர் என்ன செய்யும் என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேஜையில் ஓடுகிறது, வானத்தில் ஓடவில்லை என்பது தனி ரகம். நாம் மேஜையில் எப்படிச் சோதிக்கிறோம்? விமானத்தைக் கவிழ்த்து வைத்துத்தான். கவிழ்த்து வைத்தால் சக்கரத்தின் கனம் எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. பறக்கும்போது மேலே தூக்க வேண்டிய கனத்தை, கவிழ்ந்திருக்கும்போது மோட்டார் கீழே விடுகிறது. சிரமமான வேலையைச் சோதிக்காமலேயே பாஸ் போட்டுவிடுகிறோம். ஒரு நண்பரை மூக்கையும் வாலையும் பிடித்துத் தூக்கச் சொல்லி, பறக்கும் நிலையிலேயே ஓட்டிப் பாருங்கள்.

அதோடு காற்று. பின்பக்கமாக மடங்கும் கால், இறங்கும்போது எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டு முன்னே வர வேண்டும். கோர்செய்ர் மாடல் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். அதன் கால் 90 டிகிரி சுழன்றபடி பின்னால் மடங்கி இறக்கைக்குள் படுக்கும். நிஜ கோர்செய்ரில் டைவ் அடிக்கும்போது வேகத்தைக் கட்டுப்படுத்த அந்தக் கால்களையே பிரேக்காக இறக்குவார்கள், காற்று அவ்வளவு பலமாக அதில் மோதும். முன்பக்கமாக மடங்கும் முன்சக்கரத்துக்கு நேர்மாறு, ஏறும்போதுதான் சிரமம். ஆகவே டேக் ஆஃப் ஆனதும் முழு வேகம் எடுப்பதற்கு முன்பே கியரை ஏற்றிவிடுங்கள். இறக்கும்போது திராட்டிலைக் குறைத்து, நேராகப் பறந்தபடி இறக்குங்கள். வளைவில் வேண்டாம். வளைவில் ஜி விசையால் சக்கரத்தின் கனம் கூடும், போர்டு அதையும் கோடி என்றே நினைத்துக்கொள்ளும்.

காற்றழுத்தத்தில் ஓடும் நியூமேட்டிக் ரிட்ராக்ட் பெரிய மாடல்காரர்களின் உலகம். அங்கே நோய் ஒன்றுதான், கசிவு. 100 பிஎஸ்ஐ நிரப்பி ராத்திரி விட்டு, காலையில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். குறைந்திருந்தால் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். வால்வும் குழாயும் நன்றாக இருந்தால் சிலிண்டருக்குள் இருக்கும் ஓ-ரிங் காய்ந்திருக்கும், சிலிகோன் எண்ணெய் விடுங்கள். காற்றால் ஏறி ஸ்பிரிங்கால் இறங்கும் வகை எனக்குப் பிடிக்கும். காற்று முழுக்கப் போனாலும் சக்கரம் கீழேதான் வரும்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஒரு நாள் வானத்தில் ஒரு கால் இறங்காமல் நிற்கும். அப்போது என்ன செய்வது?

2024 அக்டோபர் 11 சாயந்திரம் திருச்சியிலிருந்து சார்ஜா கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டு, எரிபொருளைத் தீர்ப்பதற்காக ஊருக்கு மேலேயே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்ததை டிவியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பீர்கள். பத்திரமாக இறங்கியது. அந்த விமானிகளிடம் இருந்தது நேரம். நம்மிடம் இல்லாததும் அதுதான். மின்விசிறியால் ஓடும் ஈடிஎஃப் ஜெட் என்றால் ஒரு பேட்டரியில் நாலைந்து நிமிடம், அதில் பாதி ஏற்கெனவே போயிருக்கும். அதனால் ரிட்ராக்ட் உள்ள விமானத்துக்கு டைமரை ஒரு நிமிடம் முன்னாலேயே அடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நிமிடம் கியருக்கான நேரம்.

அந்த நிமிடத்திலும் முதல் வேலை விமானத்தை ஓட்டுவதுதான். 1972 டிசம்பர் 29 இரவு, மயாமியில் இறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தில் முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. விமானி அறையில் இருந்த எல்லோர் கவனமும் அந்த விளக்கின் மேல் போனது. ஆட்டோபைலட் உயரத்தைப் பிடித்து வைப்பதை விட்டுவிட்டு விமானம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்து, இருந்த 176 பேரில் 101 பேர் இறந்தார்கள். பல்பு ஃபியூஸ் போயிருந்தது. சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. மைதானத்தில் நடப்பதும் இதன் சிறு வடிவம்தான். கால் இறங்கியதா என்று அண்ணாந்து உற்றுப் பார்த்துக்கொண்டே, விமானம் வேகம் இழந்து தலை தொங்குவதைக் கோட்டை விடுகிறார்கள். பார்க்கும் வேலையை உடன் நிற்பவரிடம் விடுங்கள். "அண்ணே, ரெண்டும் இறங்கியிருக்கா பாருங்க" என்று கேட்டுவிட்டு நீங்கள் ஓட்டுங்கள்.

உயரம் எடுத்து, வேகத்தைக் குறைத்து, ஸ்விட்ச்சை மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை. எதிர்த்திசையில் ஓடினால் சிக்கியது சில சமயம் விடுபடும். இறங்கவில்லையா, இறங்கிய காலையும் மேலே ஏற்றிவிடுங்கள். ஒற்றைக்காலில் இறங்கினால் அந்தக் கால் தரையைத் தொட்டதும் விமானம் சுழன்று, இறக்கை நுனி குத்தும். இரண்டும் மடங்கியிருந்தால் புல்லில் வயிற்றால் வழுக்கிக்கொண்டு போய் நிற்கும், ஃபோமில் கொஞ்சம் சிராய்ப்பு, அதிகம் போனால் ஒரு புரொப்பெல்லர். தரையைத் தொடும் முன் திராட்டிலை முழுசாகக் குறைத்துவிட வேண்டும். சுற்றுகிற புரொப்பெல்லர் மண்ணில் மாட்டி நின்றால் அடுத்து எரிவது ஈஎஸ்சி.

கடைசியாக, வாங்குகிறவர்களுக்கு. உங்கள் மைதானம் மேடும் பள்ளமுமான ஏரிப் படுகை என்றால் முதல் விமானத்துக்கு ரிட்ராக்ட் வேண்டவே வேண்டாம், மடங்காத கியரும் பெரிய சக்கரமும் போதும். ஆசை விடவில்லை என்றால் உலோக டிரனியன் உள்ள செட்டாக வாங்குங்கள். கால் நேர்க்குச்சியாக இல்லாமல், முட்டி மடங்குகிற டிரெய்லிங் லிங்க் வகையாக இருந்தால் கரடுமுரடில் இன்னும் நல்லது. காசு கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் ஸ்ட்ரட் பின் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்று சொன்னால் அந்த செட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.